65541 வழியாக

சந்திரக் கணக்கில் அது ஏழாம் மாதம், பதினான்காம் நாள். பிற்பகல் ஒன்றரை மணிக்கு வான்-சிங் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது, தைபேயில் அவள் வேலை செய்யும் கட்டிடத்தின் வாசலில் படையல் மேசை போட்டாகிவிட்டது. இரண்டு வரிசையாக நூடுல்ஸ் பொட்டலங்கள், ஆப்பிள், பீர் டின்கள், பிஸ்கட், முகம் கழுவ ஒரு பேசின் தண்ணீர், அதன் ஓரத்தில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. இந்த மாதத்தில் வெளியே வந்து அலைகிற இறந்தவர்களின் ஆவிகளை நேராகப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை. ‘நல்ல சகோதரர்கள்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடமாக அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் வான்-சிங் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊதுவத்திகளைப் பிரித்துக்கொண்டிருந்த லியாவ் நிமிர்ந்தார். ஆறாவது மாடி இணையச் சந்திப்பு மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது, நல்ல தொந்தி, வாய் திறந்தால் கிண்டல். இன்றைக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

“பஸ்லயா வந்த? டாக்சி பிடிச்சு வான்னு சொன்னேனே.”

“அப்படி என்ன அண்ணே தலை போற அவசரம்? லீவு போட்டவளைப் போய் இழுத்துட்டு வரீங்க.”

“மேல வா, சொல்றேன்.”

“இங்கயே சொல்லுங்களேன்.”

லியாவ் மேசையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இங்க வேணாம். கேக்கறவங்க இருப்பாங்க.”

வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்திருப்பார்.

இணையம் ஆகாயத்தில் எங்கோ மிதக்கிறது என்று நம்புகிறவர்கள் அந்த ஆறாவது மாடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். குளிரில் பல் கிட்டிப்போகும். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றுக்குள் கண் சிமிட்டும் கருவிகள். ஒவ்வொரு அலமாரியின் தலையிலும் ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். கருவிகள் அடம்பிடிக்காமல் சமர்த்தாக இருக்க அதுதான் வழி. மஞ்சள் பொட்டலம் கூடாது, சிவப்பு கூடவே கூடாது, தேதி தாண்டியிருந்தால் போச்சு. கோயில் வாசலை மிதிக்காத பொறியாளர்கள்கூட அந்தத் தேதியை மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

“பாக்கெட் எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன். அப்பவும் நிக்கல,” என்றார் லியாவ்.

“எது நிக்கல?”

“லீக். ஆறு நாளா.”

வான்-சிங் அவரை முறைத்தாள். “ஆறு நாளா ரூட் லீக் ஆகுதுன்னா என்கிட்ட ஏன் சொல்லல? நாய் குரைக்கலையா?”

நாய் என்றது அவள் எழுதிய நிரலை. மையத்தில் எல்லோரும் அதை மோப்ப நாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் வேலை எளிது. சந்திப்பு மையத்தில் எல்லா நிறுவனங்களின் வலைகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொன்றும் தன் வீட்டையும் தன்னை நம்பியிருக்கிற வீடுகளையும் பற்றி மட்டும், ‘இவர்களிடம் போக என் வழியாக வா’ என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். ஒரு பெரிய வலை சொன்ன வழியை எடுத்து இன்னொரு பெரிய வலையிடம், ‘அவனிடம் போகவும் என் வழியாகவே வா’ என்று ஒரு சின்ன வலை சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. ஊர் வண்டிகளெல்லாம் ஒரு சந்துக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலும் யாரோ அவசரத்தில் ஒரு வரியை எழுத மறந்ததுதான் காரணமாக இருக்கும். இதற்குப் பெயர்தான் ரூட் லீக். நாய் ஒவ்வொரு வழியையும் மோந்து பார்த்து, இரண்டு பெரிய எண்களுக்கு நடுவில் ஒரு சின்ன எண் உட்கார்ந்திருந்தால் குரைக்கும். அப்புறம் அந்தச் சின்ன வலையின் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டை மூட வேண்டியதுதான்.

“குரைச்சுது. அதை உனக்குக் காட்ட வேணாம்னு நான்தான் வாயைக் கட்டி வச்சிருந்தேன்.” லியாவ் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கொடுக்கவா வேண்டாமா என்று கை தயங்கியது. “இனி மறைக்க முடியாது. இன்னிக்கு மூணு மணிக்கு உறுப்பினர் கம்பெனிங்க எல்லாரும் அந்த எண்ணை அடைக்கப் போறாங்க. உனக்குத் தெரியாம செய்ய எனக்கு மனசு வரல.”

அவள் தாளைப் பிரித்தாள். நூற்றுக்கணக்கான வழிகள். இந்தப் பக்கம் ஒரு பெரிய எண், அந்தப் பக்கம் ஒரு பெரிய எண். நடுவில், ஒவ்வொரு வரியிலும், ஒரே எண்.

65541.

அவளுடைய தம்பியின் எண்.

யீ-ஹெங் அவளைவிட ஆறு வயது இளையவன். நான்-ஷு தீவில் எல்லோரும் படித்துவிட்டுத் தைபேக்கு ஓடிவந்தபோது அவன் மட்டும் திரும்பிப்போனான். ஐந்நூறு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருத்துவமனை. அவற்றுக்காக ஒரு குட்டி வலையை ஒற்றை ஆளாக நடத்தினான். கடலடிக் கேபிள் கரையேறும் கொட்டகைதான் அவனுக்கு ஆபீஸ். அக்காவின் மையத்தில் முப்பத்தெட்டாம் போர்ட்டை வாங்கிய அன்றைக்கு, ஏதோ அரண்மனைக்குச் சாவி கிடைத்ததுபோல் போனில் துள்ளினான்.

இரண்டு வருடத்துக்கு முன் புயல் வந்த நாளில் தீவின் ஒரு கேபிள் ஆட்டம் கண்டது. மருத்துவமனை இணைப்பு போய்விடக் கூடாது என்று அவசர அவசரமாக வழிகளை மாற்றியவன் ஒரு வரியை விட்டுவிட்டான். இரண்டே நிமிடத்தில் நாய் குரைத்தது. மூன்றாம் நிமிடம் வான்-சிங் போர்ட்டை மூடினாள். அதுவரை எல்லாம் முறைப்படிதான். அதற்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

மூடிய போர்ட்டை ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. யாரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. தப்பைத் திருத்திவிட்டதாகச் செய்தி வந்தால் பத்து நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். யீ-ஹெங் ஏழாம் நிமிடத்திலேயே கைபேசியில் செய்தி அனுப்பினான். ‘சரி பண்ணிட்டேன் அக்கா. நீ சொன்னதும் லைனை மறுபடி ஏத்தறேன். கொட்டகையிலேயே இருக்கேன்.’ லியாவ்கூடச் சொன்னார், திறந்துவிடு என்று. வான்-சிங் கேட்கவில்லை. என் தம்பி என்பதால் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு எவனாவது பேசுவான், முழு ஒரு மணி நேரமும் இருக்கட்டும் என்றாள். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. இப்படிக் கவனக்குறைவாக இருக்கிறானே, கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தாள்.

நாற்பதாம் நிமிடம் மேசைமேல் இருந்த ஹாட்லைன் மணி அடித்தது. வலைகளுக்குள் மட்டும் பேசிக்கொள்வதற்கான பழைய போன் அது. யாருடைய எண்ணை அழுத்துகிறோமோ அந்த வலையின் மேசையில் அடிக்கும். அன்று அதன் சின்னத் திரையில் 65541 என்று தெரிந்தது. எடுக்கப் போன லியாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “விடுங்க அண்ணே. கெஞ்சுவான்.”

பதினொரு முறை அடித்து நின்றது.

நாற்பத்தாறாம் நிமிடம் கடல் கொட்டகைக்குள் புகுந்ததாகப் பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மீன்பிடிப் படகுக்காரர்கள் அவனைக் கொண்டுவந்து கரையில் கிடத்தினார்கள். போ என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பான். ஏற்று என்று சொல்லியிருந்தாலும் ஏற்றிவிட்டுப் போயிருப்பான். அவள் இரண்டையும் சொல்லவில்லை. பதினொரு முறை மணியடித்து அவன் என்ன சொல்ல வந்தான் என்ற கேள்வியோடுதான் இரண்டு வருடமாக அவள் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

“எவனோ அந்த எண்ணைத் திருடி விளையாடறான்,” என்றாள் வான்-சிங். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த எண்ணைத் திருப்பி ஒப்படைச்சு ஒரு வருஷமாச்சு. ஆனா திருடறவன் எதையாவது எடுப்பான் இல்ல, எதையாவது தொலைப்பான் இல்ல? இதுல ஒண்ணுமே தொலையல வான்-சிங். வந்ததையெல்லாம் அப்படியே பத்திரமா அடுத்த கைக்குக் கொடுத்திருக்கு.” லியாவ் அவள் கையிலிருந்த தாளைத் தட்டினார். “எந்தப் போர்ட்லேருந்து வருதுன்னு பாத்தேன். முப்பத்தெட்டு.”

“அதுல கேபிளே இல்லையே.”

“இல்லதான்.”

அவள் தன் கணினியின் முன் உட்கார்ந்து ஆறு நாள் பதிவுகளைத் திறந்தாள். 65541-ஐத் தட்டினால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாய் தினமும் அளந்து வைத்திருந்தது. கேபிளுக்குள் ஒளி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடும். ஆகவே நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

எட்டாம் நாள், 2.9. இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். நான்-ஷு.

ஒன்பதாம் நாள், 2.3. கடலடிக் கேபிள் இந்தக் கரையில் ஏறும் இடம்.

பதினொன்றாம் நாள், 1.6. தாய்ச்சுங் நகரம்.

பதின்மூன்றாம் நாள், 0.7. சின்சூ.

இன்று காலை 0.2.

அவள் மனக்கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். இணையத்தில் எதுவும் அந்த வேகத்தில் போவதில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் நடக்கிற ஓர் ஆள்தான் அப்படிப் போவான்.

லியாவ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப எவ்வளவு காட்டுது?”

“0.08.”

“எட்டு கிலோமீட்டர்.”

“ஊர் எல்லை நதியைத் தாண்டிட்டான்,” என்றாள் அவள்.

‘தாண்டிடுச்சு’ என்று அவள் சொல்லவில்லை. லியாவும் திருத்தவில்லை.

“இதோ பாரு, மூணு மணிக்கு அடைச்சுடுவாங்க. அதுக்கப்புறம் எதுவும் வராது. நீ கீழ வந்துடு, ஊதுவத்தி ஏத்தி ரெண்டு வார்த்தை சொல்லு. போதும்.”

“ரெண்டாவது தரமும் நானே மூடணுமா?”

“நீ மூடல. எல்லாரும் சேர்ந்து மூடறாங்க.”

“மூணு மணி வரைக்கும் எனக்கு விடுங்க அண்ணே. அன்னிக்கு எடுக்காத போனை இன்னிக்காவது எடுக்கறேன். அவன் என்ன திட்டணுமோ திட்டட்டும்.”

அவர் கழுத்தில் தொங்கிய தாயத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார். அவள் அதைத் தொடவில்லை. தம்பியிடமிருந்து காத்துக்கொள்ள அவளுக்குத் தாயத்து வேண்டியிருக்கவில்லை.

மணி இரண்டு ஐந்து. 0.06.

வான்-சிங் எழுந்து முப்பத்தெட்டாம் போர்ட் இருந்த அலமாரிக்குப் போனாள். கதவைத் திறந்தாள். போர்ட்டின் வாயில் தூசு படியாமல் அவளே செருகிய ரப்பர் மூடி அப்படியே இருந்தது. அதற்கு மேலே, இரண்டு வருடமாக இருண்டு கிடந்த சின்ன விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

மூடியைத் தொட்டாள். ஈரம்.

விரலை மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு. அந்த மாடியின் காற்றை வடிகட்டி, காயவைத்து, குளிரவைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஒரு பூவைக் கொண்டுவந்து வைத்தால்கூட வாசனை நிற்காது. ஆனால் இப்போது அலமாரிக்குள்ளிருந்து மெல்ல மெல்லக் கடற்பாசியின் வாடை வந்தது. நனைந்த கயிறு, டீசல், அழுகிய சிப்பி. தீவில் அவர்கள் வளர்ந்த வீட்டின் பின்கட்டு வாடை. அம்மா செத்த பிறகு போன குளிர்காலத்தில் அவள் அந்த வீட்டை விற்றுவிட்டாள்.

மேசைக்குத் திரும்பினாள். 0.03.

விசிறிகளின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. எந்த விசிறியும் நிற்கவில்லை. எல்லாம் சுழன்றுகொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் எங்கோ பின்வாங்கிப் போனது. அந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்தது. அலை ஒதுங்கி, கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு, மறுபடி வரும் சத்தம்.

0.01.

ஒரு கிலோமீட்டர். நாலைந்து தெரு தள்ளி.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பயம்தான். தம்பி என்றாலும் பயம் பயம்தானே. ஆனால் அதற்கும் அடியில், இன்னொன்று எழுந்தது. வாடா, வாடா என்று சின்ன வயதில் படகுத்துறையில் நின்று கத்துவாளே, அது.

0.001.

நூறு மீட்டர்கூட இல்லை. லிஃப்ட், வராந்தா, கண்ணாடிக் கதவு.

0.0.

அவளால் இதற்குமேல் அளக்க முடியாது. கருவிக்கே அவ்வளவுதான் தெரியும்.

மேசையின் ஓரத்தில், ஒயரைச் சுற்றி ஒதுக்கி வைத்திருந்த ஹாட்லைன் மணி அடித்தது.

ஒன்று.

இரண்டு.

அதன் ஒயர் எதிலும் செருகப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“யீ-ஹெங்?”

மறுபக்கத்தில் தண்ணீரின் சத்தம். நெடுநேரம் அது மட்டும்தான். பிறகு, வாயில் நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல்.

“அக்கா. ஏத்தலாமா?”

இரண்டு வருடமாக அவள் என்னென்னவோ கற்பனை செய்திருந்தாள். காப்பாற்று என்று கதறியிருப்பான். பாவி என்று சபித்திருப்பான். கடைசியாக அம்மாவிடம் ஏதாவது சொல்லச் சொல்லியிருப்பான். இது அவளுடைய எந்தக் கற்பனையிலும் இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதும் அவன் அக்காவிடம் உத்தரவுதான் கேட்டிருக்கிறான்.

“அக்கா, கேக்குதா? சரி பண்ணிட்டேன். ரெண்டு தரம் பாத்துட்டேன். நீ சொல்லாம ஏத்தினா உனக்குக் கெட்ட பேரு. அதான் கேக்கறேன்.”

அவளுக்கு அழுகை பொங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னும் கோவமா?”

“இல்லடா,” என்றாள். “கோவமே இல்லடா. அன்னிக்கும் இல்ல.”

“அப்போ ஏத்தட்டுமா? ஆஸ்பத்திரி லைன் கீழ கிடக்கு. தண்ணி வேற வருது.”

“வேணாம்.” அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. “எதையும் ஏத்த வேணாம். அப்படியே போட்டுட்டுக் கிளம்பு. ஆஸ்பத்திரியை நான் பாத்துக்கறேன். இப்பவே கிளம்பு.”

“நீ திறக்கற வரைக்கும் இருக்கேன்னு சொன்னேனே…”

“நான் சொல்றேன் இல்ல? இருந்தது போதும். வீட்டுக்குப் போ.”

தண்ணீரின் சத்தம் நின்றது.

“எந்த வீட்டுக்கு?”

தீவு வீட்டில் இப்போது யாரோ ஒரு விடுதிக்காரன். அம்மாவும் இல்லை. விற்றுவிட்டேன் என்று இவனிடம் எப்படிச் சொல்வது? காத்திருந்து காத்திருந்து கால் கடுக்க நடந்து வந்தவனுக்குப் போக ஓர் இடம்கூட இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

“என் வீட்டுக்கு வா,” என்றாள்.

“நனைஞ்சிருக்கேன் அக்கா.”

“பரவாயில்லடா. வா.”

போன் செத்தது. விசிறிகளின் இரைச்சல் மொத்தமாகத் திரும்பி வந்து அவள் காதில் மோதியது. அலமாரியில் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

மூன்று மணிக்கு எல்லா உறுப்பினர்களும் அந்த எண்ணை அடைத்தார்கள். அடைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வழிகளெல்லாம் ஏற்கனவே நேராகிவிட்டிருந்தன. லியாவ் மேலே வந்தபோது அவள் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“வந்தானா?”

தலையாட்டினாள்.

“திட்டினானா?”

“ஏத்தலாமான்னு கேட்டான்.”

லியாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் போனை நோக்கி நீண்ட கை அவருடையது. அதைப் பிடித்து நிறுத்தியவள் அவள். எடுத்திருக்கலாமே என்று அந்த மனிதரும் இரண்டு வருடமாக வெந்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“என்ன சொன்ன?”

“கிளம்புன்னு சொன்னேன்.”

“எங்கன்னு சொன்னியா?” அவர் குரல் சட்டென்று மாறியது. “வான்-சிங், இந்த மாசத்துல நாம வெளியதான் சோறு வைக்கறோம். வாசல்லதான் வைக்கறோம். உள்ள யாரையும் கூப்பிடறதில்ல. நீ ஒண்ணும் கூப்பிடலையே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அடிப்பாவி,” என்றார் மெதுவாக. திட்டுகிற குரலாக அது இல்லை.

அதன் பிறகு அவள் செய்தது ஒரே வேலை. எல்லோரும் அடைத்துவிட்ட அந்த எண்ணைத் தன் கணினியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். பதில் வரக் கூடாது. எந்த வழியும் இல்லாத எண்ணிலிருந்து பதில் எப்படி வரும்? ஆனால் வந்தது. மூன்றே காலுக்கு 0.01. நான்கு மணிக்கு 0.05. ஐந்து மணிக்கு 0.09. நடக்கிறான். தெரியாத ஊரில் வழி கேட்டுக் கேட்டு நடக்கிறான்போல.

ஆறு மணிக்கு 0.14. அதோடு நின்றுவிட்டது. ஆறேகாலுக்கும் 0.14. ஆறரைக்கும் அதேதான். கேபிள் போகும் வழியில் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. பான்ச்சியாவில் அவளுடைய அடுக்குமாடி வீடும் இருக்கிறது.

மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். தெருமுனைக் கடையில் வறுத்த பன்றிக்கறி வைத்த சாப்பாட்டுப் பெட்டி வாங்கினாள். அவள் தினமும் வாங்கும் கடைதான். கடைக்காரி வழக்கம்போல ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இன்னிக்கு ரெண்டு குடுங்க.”

“அட, விருந்தாளியா? எத்தனை வருஷமா பாக்கறேன், இன்னிக்குத்தான் ரெண்டு கேக்கற. யாரு, மாப்பிள்ளையா?”

“தம்பி,” என்றாள் வான்-சிங். “ரொம்ப தூரத்துலேருந்து வரான். முட்டை ஒண்ணு கூட வைங்க.”

நான்கு மாடிகள் ஏறினாள். படிகள் காய்ந்துதான் இருந்தன. சுவரில் கை ஊன்றிய தடமோ, காலடியோ, சொட்டிய நீரோ எங்கும் இல்லை. அதுவே அவளைக் கலங்கடித்தது. ஒன்றுமே இல்லையா? எல்லாம் என் மூளையின் கோளாறா? இரண்டாம் மாடியில், இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாம் மாடியில், இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு வேண்டுதலும் உண்மையானவைதான்.

அவள் வீட்டுக் கதவு காலையில் பூட்டியபடியே பூட்டிக் கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை. சாவி கையில் இருந்தது. பூட்டுக்கு அருகே கொண்டுபோனாள். முடியவில்லை. நீளமான கூடத்தின் இருட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. கீழே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால்? அவன் உள்ளே உட்கார்ந்து மறுபடி காத்திருப்பான். எவ்வளவு நேரமானாலும் இருப்பான். அவனைத் தெரியாதா அவளுக்கு?

சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனியாக வாழ்கிற தன் வீட்டின் அழைப்பு மணியைத் தானே அழுத்தினாள்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகியது. அவன் அவளை ஒரு நொடிகூடக் காக்க வைக்கவில்லை.